இழந்த காவலும் மீண்ட காவலும்

கடலூர் மஞ்சக்குப்பத்துச் சாலையில் நடந்துசெல்லும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் போலீஸ்காரர், மற்றவர் அவரோடு ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த வணிகர். இருவருக்கும் கை கால்கள் ஒன்றே, அறிவும் ஒன்றே. ஆயினும், போகிற மனிதனை நிறுத்தி, "நீ யார்? மூட்டையில் என்ன?" என்று வினவும் உரிமை ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. நேற்றுவரை அவ்வுரிமை பெற்றிருந்தவர் இன்று பதவியிழந்தாராயின், அந்தக் கணமே வணிகருக்குச் சமமாகி விடுகிறார். இந்த உரிமை எங்கிருந்து வருகிறது? யார் அதை எடுத்துக்கொள்ளலாம்? எடுத்துக்கொண்ட பின் அது திரும்பி வருவதுண்டா? இவ்வினாக்களுக்கு நமது தென்னார்க்காட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. தென்னார்க்காடு என்று பழைய பெயரால் சொல்லுகிறேன். 1993ஆம் ஆண்டில் அது இரண்டாகப் பிரிந்து, கடலூரும் சிதம்பரமும் ஒரு மாவட்டத்திலும், விழுப்புரம் மற்றொரு மாவட்டத்திலும் அடங்கின. நான் சொல்லப்போகும் காலத்தில் எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

காவல் என்பது நம் நாட்டில் மிகப் பழைய சொல். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'பாடிகாவல்' என்பது ஒரு வரியின் பெயராகவே வருகிறது. ஊரைக் காப்பதற்கென ஊரார் கொடுத்தது அது. பிற்காலத்தில் இதுவே தலங்காவல் என்றும் தேசக்காவல் என்றும் இருவகையாயிற்று. தலங்காவல் ஓர் ஊரின் காவல். தேசக்காவல் பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டத்தின் காவல். அதனைப் பெரும்பாலும் பாளையக்காரர்கள் வைத்திருந்தார்கள். இரண்டிற்கும் கூலி களத்துமேட்டிலேயே கிடைத்தது. அறுவடையாகி நெல் குவிந்ததும், கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் இவ்வளவு என்று அளந்து கொடுக்கும்போது, காவல்காரனுக்கும் ஒரு பங்கு அளந்தார்கள். அதற்கு மேரை என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. இக்காலத்தார் கேட்டால் வியப்படைவர். ஊரில் களவு போனால் காவல்காரன் திருடனைப் பிடிக்க வேண்டும். அல்லது பொருளை மீட்டுத் தர வேண்டும். இரண்டும் இயலாவிடின், போன பொருளின் விலையைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சென்னைப் பட்டினத்தில் கும்பினியாரின் கோட்டைக்கு வெளியே பரம்பரைக் காவல் பார்த்துவந்த பெத்தநாயக்கனுக்கும் இதே கடமை இருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயரில் அவன் உத்தியோகம் இன்றும் நினைவில் நிற்கிறது. மேரை வாங்குகிறவன் நட்டத்தையும் ஏற்க வேண்டும் என்பது நேர்மையான கணக்கே. ஆனால் மனிதர் கையில் அது எப்போதும் நேர்மையாக நடந்ததாகக் கொள்ளலாகாது. தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் சம்மதித்தபடி திருடலாம் என்று நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தது சும்மாவா? மேரை கொடுக்க மறுத்த ஊரில் திடீரென்று மாடுகள் காணாமற் போவதும், கொடுத்ததும் அவை திரும்பி வருவதும் பல இடங்களில் வழக்கமாயின. வட்டத்தையெல்லாம் ஆண்ட தேசக்காவல்காரரைக் கேள்வி கேட்க எவரும் இலர். ஊர்த் தலையாரியையோ ஊரார் தினமும் முகம் பார்த்தனர். அவன் குடிசை ஊரிலேயே இருந்தது. இந்த வேற்றுமையை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கும்பினியார் நம் கடற்கரைக்கு வந்தது பழைய செய்தி. 1690ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் எல்லை வரையுள்ள நிலமும் அந்த விலையில் சேர்ந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இதனால் வந்ததே. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில ஆண்டுகள் கும்பினியின் தென்னிந்தியத் தலைமைப்பீடமே இக்கோட்டையில்தான் இருந்தது. ஆயினும் குண்டு விழுந்த எல்லைக்கு அப்பால், சிதம்பரம், விருத்தாசலம் முதலிய நாடெல்லாம் ஆர்க்காட்டு நவாபினுடையதாகவே இருந்தது. 1801 ஜூலை 31ஆம் நாள் நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால்தான் அவை முழுவதும் கும்பினியின் ஆட்சிக்கு வந்தன.

அதே ஆண்டில்தான் தெற்கே பாளையக்காரர் போர் முடிந்தது. பாளையக்காரரின் ஆயுதம் பறிக்கப்பட்டது. ஆயுதத்தோடு அவர்களுடைய காவலுரிமையும் போயிற்று. 1802ஆம் ஆண்டில் வங்காளத்து மாதிரியைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்திலும் புதிய ஒழுங்குமுறைகள் பிறந்தன. காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் ஏற்படுத்திய தரோகா என்னும் போலீஸ் உத்தியோகஸ்தர் இங்கும் வந்தார். பரந்ததொரு வட்டத்திற்கு ஒரு தரோகா; அவருக்குக் கீழே சில சேவகர்கள்; மேலே ஜில்லா நீதிபதியாகிய மாஜிஸ்திரேட். பழைய காவல்காரர் பெற்றுவந்த மேரையின் பெரும்பகுதியைச் சர்க்கார் தன் வருமானத்தில் சேர்த்துக்கொண்டது. தேசக்காவலை ஒழிக்கப் புறப்பட்ட கை தலங்காவலையும் சேர்த்தே வீழ்த்திவிட்டது. களை பிடுங்கப் போனவன் பயிரையும் பிடுங்கினாற் போன்ற கதை.

விளைவு என்ன? தரோகா அயலூர்க்காரர். எந்த ஊரில் எந்த வீட்டில் யார் இரவில் வெளியே போகிறான் என்பது அவருக்குத் தெரியாது. சம்பளமோ சொற்பம். களவு கொடுத்தவன் அவரிடம் முறையிட்டால், சாட்சி சொல்ல வயலை விட்டுப் பல காதம் நடக்க வேண்டும். வெள்ளாற்றங்கரையில் நடவுக் காலத்தில் பத்து நாள் வயலை விட்டவன் கதி என்னவாகும்? இதைக் காட்டிலும் போன பொருள் போகட்டும் என்று வாய்மூடி இருப்பதே மேல் என மக்கள் எண்ணினர். களவு மறைக்கப்பட்டது, எனவே கணக்கில் குறைந்தது, எனவே ஏற்பாடு நன்றாக நடக்கிறதென்று மேலிடம் நினைக்க இடமாயிற்று. புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து மகிழும் வழக்கம் இன்றைக்கு நேற்றுத் தோன்றியதன்று.

இந்நிலையைத் துணிந்து எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் தாமஸ் மன்றோ. பாராமகாலிலும் கன்னடத்திலும் கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளிலும் கிராமம் கிராமமாகக் குதிரைமேல் சுற்றியவர் அவர். 1807இல் தாய்நாடு சென்று, அங்கே பாராளுமன்ற விசாரணையில் சாட்சி கூறினார். கும்பினியின் இயக்குநர்கள் 1814ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைக்கு அனுப்பிய நீண்ட கடிதம் அவருடைய கருத்தை ஒட்டியே எழுந்தது. அந்த ஆண்டிலேயே அவர் ஒரு விசேஷக் கமிஷனின் தலைவராகத் திரும்பி வந்தார். கிராமம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிறுவனம்; அதன் தலைவனையும் தலையாரியையும் ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து கொண்டுவரும் காவல் வேர் பிடிக்காது என்பதே அவர் வாதத்தின் சாரம். சென்னையிலிருந்த அதிகாரிகள் பலர் எதிர்த்தனர். ஆயினும் 1816இல் வரிசையாக ஒழுங்குமுறைச் சட்டங்கள் வெளிவந்தன. மாஜிஸ்திரேட் பதவி நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறியது. அவற்றுள் பதினோராம் சட்டம் போலீஸைப் பற்றியது. தரோகா போனார், கிராமத் தலைவனும் தலையாரியும் திரும்ப வந்தனர்.

இழந்த காவல் மீண்டது என்று நான் சொல்லுவது இதனைத்தான். ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். போனது போலவே அது திரும்பவில்லை. தேசக்காவல் திரும்பவே இல்லை. தலங்காவல் திரும்பியது, அதுவும் பழைய உரிமையாகத் திரும்பவில்லை. முன்பு காவல் என்பது நிலத்தைப் போல் ஒரு சொத்து. தந்தைக்குப் பின் மகன் அடைவது. இப்போது மணியக்காரர் தாசில்தாருக்குப் பதில் சொல்ல வேண்டும். தாசில்தார் கலெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். நடைமுறையில் மகனே தந்தைக்குப் பின் வந்தாலும், அவன் கையிலிருந்தது சர்க்கார் தந்த அதிகாரம். தந்தவர் எடுக்கலாம் என்பது அதற்குள்ளேயே அடங்கியிருந்தது.

மன்றோவைப் பாடப் புத்தகங்கள் மிகவும் புகழ்கின்றன, புகழத் தக்கவரே. எனினும் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியைப் பாடப் புத்தகங்கள் சொல்லுவதில்லை. நான் சொல்லாமல் விட மாட்டேன். சில்லறை வசைக்கும் அடிதடிக்கும் கிராமத் தலைவன் ஒருவனைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம் என்றது சட்டம். குற்றவாளி தாழ்ந்த சாதியான் எனக் கருதப்பட்டால், அவனைத் தொழுமரத்தில் ஆறு மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம் என்றும் அதே சட்டம் கூறிற்று. ஒரே குற்றம், ஒருவனுக்குச் சாவடி நிழல், மற்றவனுக்கு ஊர் நடுவே கால் மாட்டிய மரம். மீண்டு வந்த காவல் ஊரின் நல்லறிவை மட்டும் கொண்டுவரவில்லை. ஊரின் ஏற்றத்தாழ்வையும் சட்டமாக்கிக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் இத்தொழுமரத்தைப் பற்றிக் கண்டனக் குரல்கள் எழவேண்டியிருந்தது.

மற்றொரு கேடும் இருந்தது. வரி வசூலிப்பவரும் தாசில்தார். திருடனைப் பிடிப்பவரும் தாசில்தார். ஒரே சேவகன் காலையில் கிஸ்தி கேட்டு வருவான். மாலையில் குற்றம் விசாரித்து வருவான். வேலியே பயிரை மேயத் தொடங்கிற்று. 1855ஆம் ஆண்டில் எலியட், ஸ்டோன்ஹவுஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட கமிஷன் சென்னை மாகாணத்தில் மக்களைச் சித்திரவதை செய்யும் வழக்கத்தைப் பற்றி விசாரித்து அறிக்கை தந்தது. வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் வதை நடந்தது உண்மையே என அது கூறியது. வெளியே வெயிலில் குனிய வைத்து முதுகில் கல்லேற்றுதல் முதலியன அதில் காணப்படுகின்றன. அவற்றை இங்கே மேலும் விரிக்க விரும்பவில்லை.

அதன் பயனாக வரியும் காவலும் பிரிந்தன. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்திற்குத் தனிப் போலீஸ் படையைத் தந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். ஜில்லாவுக்கு ஒரு சூப்பரிண்டெண்டு வந்தார். இந்தியாவின் பிற பகுதிகளுக்கு 1861இல் ஐந்தாம் சட்டம் வந்தபோது, அதன் எட்டாம் பிரிவு மிகத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்லிற்று. நியமனம் பெறும் ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் தலைமை அதிகாரியின் முத்திரையிட்ட ஒரு சான்றிதழ் தரப்படும். அச்சான்றிதழின் பலத்தாலேயே போலீஸ் அதிகாரம் அவனிடம் சேரும். எக்காரணத்தால் பதவி நீங்கினாலும் சான்று செல்லாததாகும். உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு இது விடை. மஞ்சக்குப்பத்துச் சாலையில் வணிகருக்கும் போலீஸ்காரருக்கும் உள்ள வேற்றுமை, முத்திரையிட்ட ஒரு காகிதம்.

அப்பிரிவு இன்னொன்றும் கூறியது. தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டவன் போலீஸ்காரனாக இருப்பது ஒழிவதில்லை. அவனுடைய அதிகாரம் உறங்கும். ஆனால் கட்டுப்பாடும் தண்டனையும் விழித்திருக்கும். நன்றாக யோசித்து எழுதிய சட்டம். கடமை தொடர, உரிமை மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

கொடுத்தவர் எடுக்கலாம் என்றோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா? இதற்கு விடை தேடி லண்டன் வரை போனவர் நம் மாகாணத்துச் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரே. 1937ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ள ரங்காச்சாரி வழக்கு அது. நியமித்த அதிகாரியைவிடத் தாழ்ந்த பதவியிலிருப்பவர் ஓர் உத்தியோகஸ்தரை நீக்க முடியாது என்று அக்காலத்து இந்திய அரசாங்கச் சட்டம் கூறியிருந்தது. அது வெறும் நல்லுரை அன்று, கட்டாயமான விதி. அதை மீறிச் செய்த நீக்கம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. இவ்விதியே 1950இல் நமது அரசியலமைப்பின் 311ஆம் விதியில் முதற்கூறாக அமர்ந்தது. இரண்டாம் கூறு, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, அவன் சொல்லுவதைக் கேட்ட பின்பே நீக்க வேண்டும் என்கிறது. இதற்கு விலக்குக்களும் உண்டு. விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என அதிகாரி காரணம் எழுதி முடிவு செய்தால், விசாரணையின்றியே நீக்கலாம். பொகாரோ உருக்காலையில் 1979இல் கிளர்ச்சி செய்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சிலர் அவ்வாறே நீக்கப்பட்டனர். 1985இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. இந்த விலக்கு மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியது என்பது என் எண்ணம். கேட்காமல் தண்டிப்பது எளிதாகிவிட்டால், கேட்பதற்கு எவரும் மெனக்கெட மாட்டார்கள்.

நீக்கத்திலும் இருவகை உண்டு. பணிநீக்கம் என்பது ஒன்று. பணியறவு என்பது மற்றொன்று. முன்னதை அடைந்தவர் பிற்காலத்தில் மீண்டும் சர்க்கார் வேலைக்கு வரத் தடையில்லை. பின்னதை அடைந்தவருக்குக் கதவு பொதுவாக மூடியதே. மேல்முறையீட்டிலோ நீதிமன்றத்திலோ வென்று திரும்புகிறவருக்கு, இடையில் போன மாதங்களின் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கும் அடிப்படை விதிகளில் 54ஆம் விதி இருக்கிறது. திரும்பி வருவதைச் சட்டம் எதிர்பார்த்தே இருக்கிறதென்று இதனால் அறியலாம்.

கிரிமினல் வழக்கில் விடுதலையானால் போதாதா, வேலை தானே திரும்பாதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். வகுப்பறையில் பலமுறை இக்கேள்வி என்னிடம் வந்ததுண்டு. போதாது என்பதே விடை. தென்காசியில் 1999இல் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஒரு தலைமைக் காவலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. துறை விசாரணையில் அவர் வேலையிழந்தார். கிரிமினல் வழக்கிலோ சாட்சியம் வலுவில்லாமையால் விடுதலையானார். அதைக் கொண்டு உயர் நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. 2012 நவம்பர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிற்று. சாட்சி பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை வேறு. குற்றமற்றவர் என நிலைநாட்டிப் பெற்ற கண்ணியமான விடுதலை வேறு என்றது. வேலைக்குப் புதிதாக மனுச் செய்பவர்க்கும் தமிழ்நாட்டில் இதே அளவுகோல்தான். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளலாம் என்ற தேர்வு விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் ஆராய்ந்து ஏற்றது. இளைஞர்கள் இதை மனத்தில் கொள்ளுதல் நலம். கல்லூரி வாசலில் நடக்கும் ஒரு கைகலப்பு, சீருடைக் கனவை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடும்.

அமெரிக்காவில் வேறு விதமான தொல்லை. அங்கே ஏறத்தாழ 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புக்கள் உள்ளன. ஓர் ஊரில் விலக்கப்பட்டவர் பக்கத்து ஊரில் சேர்ந்துவிடலாம். ஆகவே மாநிலந்தோறும் ஒரு வாரியம் போலீஸ்காரருக்கு வைத்தியரைப் போலச் சான்று வழங்கி, தவறினால் அச்சான்றையே பறிக்கும் முறை வந்தது. கலிபோர்னியா மாநிலம் பறிக்கும் அதிகாரத்திற்கு 2021இல்தான் சட்டமியற்றியது. நமக்கோ மாநிலத்திற்கு ஒரே படை. அதனால் இச்சிக்கல் நமக்குக் குறைவு.

தலையாரியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். அவருக்கு என்ன நேர்ந்தது? மதுரைப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் காவல் பார்த்த சமூகத்தார் பலருக்கு 1816 எந்த மீட்சியும் தரவில்லை. அவர்கள் தொடர்ந்து வாங்கிய காவல் கூலி, சட்டத்தின் கண்ணுக்கு மிரட்டிப் பறித்த பணமாயிற்று. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் காவல்காரன் பேரனைப் பிறவித் திருடனாக்கி, இரவில் கைநாட்டு வைக்கச் சொல்லிற்று. தென்னார்க்காட்டிலும் அஜீஸ் நகரில் அத்தகைய குடியிருப்பு ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது. காவலுரிமையை இழந்தவர்களுள் இவர்களே மிகுதியும் இழந்தவர்கள். உத்தியோகம் போனவருக்கு மேல்முறையீடு உண்டு. பெயர் போனவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் எந்த முறையீடும் இல்லை.

நம் ஜில்லாவில் தலையாரி அமைதியாகவே தொடர்ந்தார். 1859க்குப் பிறகும் கிராமக் காவலின் கண்ணும் காதும் அவரே. சிதம்பரம் தாலுகாவின் ஊர்களில், கையில் தடியும் வாயில் செய்தியுமாக அவர் நடந்த காலத்தை நானும் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். பிறப்பும் இறப்பும், வெள்ளமும் வெட்டுக்குத்தும் அவர் வாயிலாகவே புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் போயின. 1980 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவசரச் சட்டம், நெடுங்காலமாக நிலைத்திருந்த கிராம முன்சீப், கர்ணம் முதலிய பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. மன்றோ 1816இல் திருப்பிக் கொடுத்த தலைமைக்கு அங்கே முடிவு வந்தது. அவ்விடத்திற்குத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் நியமிக்கப்பட்டார். தலையாரி பிற்காலத்தில் கிராம உதவியாளர் என்ற பெயர் பெற்று அவருக்குத் துணையாக நிற்கிறார்.

பதவியிழந்த முன்சீப்புகளும் கர்ணங்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1982இல் தீர்ப்பு வந்தது. பதவியையே ஒழிப்பது அரசின் உரிமை, அது தண்டனையாகாது, ஆகவே 311ஆம் விதியின் விசாரணை இங்கே வேண்டியதில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஆயினும் அரசு நீதிமன்றத்தில் ஓர் உறுதி அளித்தது. ஒழிப்பு நாளில் பணியிலிருந்தவர்களுள் பள்ளியிறுதி வகுப்புப் படிப்பு உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, தகுதியானவர்களைப் புதிய பதவியில் அமர்த்துவது என்பது அது. பாட்டனாரின் பெயரைச் சொல்லிப் பதவி பெற்றவர்கள், இம்முறை பள்ளிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.